கிளட்ச்சை மிதித்தால் அடங்கும் சத்தம்: ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் எஞ்சின் ஆய்வு

வண்டி நியூட்ரலில் நிற்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அடியிலிருந்து டொக்... டொக் டொக்... டொக் என்று ஒரு சத்தம். கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. காலை எடுத்தால் மறுபடி வருகிறது. இதைக் கேட்கும் பத்து மெக்கானிக்குகளில் ஒன்பது பேர் "கியர்பாக்ஸைப் பாருங்கள்" என்பார்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இரண்டு வார இறுதிகளும், ஒரு புதிய பேரிங்கும், இடது கைக் கட்டைவிரல் நகமும் அதற்குச் செலவாயின. கோளாறு கியர்பாக்ஸில் இல்லை. என் நோட்டுப் புத்தகத்தில் நானே அளந்து "சரி" என்று எழுதிவைத்திருந்த ஓர் இடத்தில் இருந்தது.

வண்டி 1969-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இதைத் தயாரித்தது. நான்கு கதவு உடல் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. இங்கிலாந்துக்காரர்களுக்கு அது கிடைக்கவில்லை. எஞ்சின் 948 சிசி: சிலிண்டரின் விட்டம் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்குவது மூன்றே மூன்று மெயின் பேரிங்குகள். எளிமையான, பிடிவாதமான எஞ்சின். முன்பக்கத் தகடு மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும் என்பதால், முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். இந்த வசதியை இன்றைய எந்தக் காரும் எனக்குத் தரவில்லை.

எஞ்சினை முழுவதுமாகப் பிரித்தேன். லேத் பட்டறையில் சிலிண்டர்களை 0.75 மி.மீ. பெரிதாக ரீபோர் செய்து, கிராங்க்கை 0.5 மி.மீ. சிறிதாக கிரைண்ட் செய்து தந்தார்கள். பிஸ்டன், ரிங், பேரிங் ஷெல் எல்லாம் புதியவை. பூட்டியது நான். ஒவ்வோர் அளவையும் எழுதிவைத்தேன். அந்தப் பட்டியலில் ஒரு வரி: "கிராங்க் முன்பின் அசைவு 0.15. சரி." கிராங்க் தன் அச்சின் வழியே முன்னும் பின்னும் எவ்வளவு நகர்கிறது என்பதுதான் இந்த அளவு. 0.10-க்கும் 0.20-க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஸ்டார்ட் செய்தபோது மகிழ்ச்சி அரை மணி நேரம் நீடித்தது. பிறகு காது வேலை செய்யத் தொடங்கியது. மேலே டிக்டிக், முன்னால் கரகர, வேகத்தைக் குறைக்கும்போது சலசல. சத்தங்களை வகை பிரிக்கத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. புதுப்பேட்டைப் பக்கம் நாற்பது ஆண்டுகள் எஞ்சின் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். எல்லோருக்கும் அவர் பாய். தொலைபேசியில் அவரிடம் "ஒரு மாதிரிச் சத்தம் வருகிறது" என்றால் கோபம் வந்துவிடும். "டிக்டிக்கா, டொக்டொக்கா, லொடலொடவா? அதைச் சொல்லுங்கள் தம்பி." டிக்டிக் என்றால் சிறிய உறுப்பு, மேலே. டொக்டொக் என்றால் கனமான உறுப்பு, கீழே. லொடலொட என்றால் ஏதோ ஒன்று தன் இடத்தில் கழன்று ஆடுகிறது. அவருடைய பாடத்தில் பாதி இவ்வளவுதான்.

மறுபாதி, சத்தத்தின் இடத்தைத் தேடி முதலில் அலையாதே என்பது. வார்ப்பிரும்பு பிளாக் முழுவதும் சத்தத்தைக் கடத்தும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பிளாக்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால் மூன்றாம் சிலிண்டரின் சத்தம் முதல் சிலிண்டரிலும் கேட்கும். அதனால் அது எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சூடானதும் குறைகிறதா? ஒரு பிளக்கை நிறுத்தினால் மாறுகிறதா? பெல்ட்டைக் கழற்றினால் போகிறதா? ஒவ்வொரு விடையும் சந்தேகப் பட்டியலில் பாதியை வெட்டிவிடும்.

பெல்ட்டிலிருந்தே தொடங்கினேன். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு நிமிடத்துக்குள் ஓட்டி நிறுத்தினேன். அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுவதால் அதற்கு மேல் ஓட்டக்கூடாது. கரகர போய்விட்டது. டைனமோவின் புல்லியை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் பிறைவடிவச் சாவி தேய்ந்திருந்தது. மலிவான சாமான். ஆனால் தளர்ந்த புல்லி, பிஸ்டன் கம்பி கிராங்க்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் போனதுபோலவே சத்தமிட்டுப் பயமுறுத்தும் என்பதால், பெரிய பயம் வருவதற்குமுன் பெல்ட்டைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

டிக்டிக் இன்னும் சுவாரசியமானது. டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி, என்பது முதல் சந்தேகம். எட்டு வால்வுகளிலும் குளிர்ந்த நிலையில் 0.25 மி.மீ. இருக்க வேண்டும். எட்டையும் ஒன்பது விதிப்படி சரிபார்த்தேன்: முன்னாலிருந்து எட்டாவது வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது முதல் வால்வை அளக்க வேண்டும், ஏழாவது திறந்தால் இரண்டாவதை, கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் எட்டிலும் சரியாகப் போய்வந்தது. டிக்டிக் மட்டும் அப்படியே.

பிளக் எரியும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை முதல் பிளக்கின் வயரில் மாட்டினேன். முதல் பிளக் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறைதான் எரியும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றுவதும் அதே நேரத்தில்தான். ஆகவே ஒரு மின்னலுக்கு ஒரு சத்தம் என்றால் அது வால்வு, ராக்கர், பெட்ரோல் பம்ப் போன்ற கேம் வீட்டுச் சத்தம். மின்னலுக்கு இரண்டு என்றால் கிராங்க் வீட்டுச் சத்தம். எனக்கு மின்னலும் டிக்கும் ஒன்றாக வந்தன. ராக்கர் மூடியைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போதே ஃபீலர் தகட்டை ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் இடையில் செருகிப் பார்த்தேன். ஆறாவதில் செருகியதும் சத்தம் அமுங்கியது.

அந்த ராக்கரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. வால்வைத் தட்டும் முகத்தில் நகம் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம். தட்டையான ஃபீலர் தகடு பள்ளத்தின் மேல் பாலம்போல் நின்றுகொண்டு 0.25 என்று காட்டியது. வால்வின் முனை பள்ளத்துக்குள் போய்வந்துகொண்டிருந்தது. உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். அளவு பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொன்னது. இதிலேயே நான் பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. ராக்கரை மாற்றிவிட்டு, கெட்டிக்காரன் என்று என்னையே பாராட்டிக்கொண்டேன்.

200 கிலோமீட்டரில் முதல் ஆயில் மாற்றம். பழைய ஆயிலில் வெள்ளிப்பொடி தூவியதுபோல மினுமினுப்பு. காந்தத்தை விட்டுப் பார்த்தேன், பொடி ஒட்டிக்கொண்டது. பேரிங்கின் வெள்ளை உலோகம் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே பேரிங் தேயவில்லை, புது ரிங்குகள் சிலிண்டரில் படிகின்றன, அவ்வளவுதான் என்று முடிவுசெய்தேன். காரணம் நியாயமானது, முடிவு தவறானது. ரிங் படியும்போது வரும் பொடி இவ்வளவு இருக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியில் முடிந்திருக்கும்.

சலசலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது முன்மூடிக்குள் சங்கிலியை உதறும் சத்தம். கிராங்க் கேமைச் சுற்றவைக்கும் டைமிங் செயின் என்று குழந்தையும் சொல்லும். இந்த எஞ்சினில் செயினை இழுத்துப் பிடிப்பது முன்மூடியின் உட்புறத்தில் மாட்டிய வளைந்த ஸ்ப்ரிங் தகடு ஒன்றுதான். செயின் அதில் தடம் அறுத்திருந்தது. செயினைப் புதிதாகப் போட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று பழைய தகட்டையே மாட்டிய புத்திசாலி நான்தான். ரேடியேட்டரைக் கழற்றி, கிராங்க் புல்லியை நெம்பி எடுத்து, தகட்டை மாற்றினேன். அந்தப் புல்லியை இரண்டு கைகளாலும் பிடித்து முன்னால் இழுத்தபோது அது கொஞ்சம் நகர்ந்ததா என்று இப்போது நினைவுபடுத்திப் பார்க்கிறேன். நகர்ந்திருக்கத்தான் வேண்டும். கவனம் செயினில் இருந்தது.

இந்த மூன்றும் அடங்கிய பிறகுதான், 340-ஆவது கிலோமீட்டரில், நான்காவது சத்தம் வெளியே வந்தது. ஆரவாரமான மூன்று பேர் வெளியேறிய அறையில் மூலையில் இருமுகிறவர் கேட்பதுபோல.

டொக்டொக் என்றால் கீழ்ப்பக்கம். வயிற்றைக் கலக்கியது. ஹெரால்டில் ஆயில் அழுத்தத்துக்கு எச்சரிக்கை விளக்கு மட்டுமே உண்டு. அது அணைந்திருப்பதால் அழுத்தம் போதும் என்று ஆகிவிடாது. தற்காலிகமாக ஒரு மீட்டரைப் பொருத்தினேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நிமிடத்துக்கு 2000 சுற்றில் 50 பி.எஸ்.ஐ. நல்ல ஆரோக்கியம். பிக் எண்டோ மெயின் பேரிங்கோ இந்த அளவு சத்தம் போடும்படி தேய்ந்திருந்தால் அழுத்தம் இப்படி நிற்காது. அடுத்து, ஒவ்வொரு பிளக்காக வயரைக் கழற்றி சிலிண்டரை ஓய்வில் வைத்தேன். பிக் எண்டாகவோ, பிஸ்டனைக் கம்பியோடு கோக்கும் பிஸ்டன் பின்னாகவோ இருந்தால், குற்றவாளி சிலிண்டர் ஓய்ந்ததும் சத்தம் குறையும் அல்லது தன்மை மாறும். நான்கிலும் எந்த மாற்றமும் இல்லை. பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அறைவதாக இருந்தால் குளிரில் அதிகமாகவும் சூட்டில் குறைவாகவும் இருக்கும். இது நேர்மாறாக, சூடான பிறகு, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் தற்செயலாகக் கிளட்ச்சை மிதித்தேன். சத்தம் நின்றது.

கியர்பாக்ஸ் என்று முடிவுகட்டியதற்குக் காரணம் இருந்தது. நியூட்ரலில் கிளட்ச் மிதிக்காதபோது கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். மிதித்தால் அது நின்றுவிடும். அந்த ஷாஃப்ட்டின் பேரிங் கெட்டிருந்தால் அதன் சத்தமும் உடனே நிற்கும். இது பட்டறைப் பாலபாடம். கிராங்க் முன்பின் அசைவு என்ற இன்னொரு சாத்தியமும் எனக்குத் தெரியாமல் இல்லை. நோட்டைப் புரட்டினேன். 0.15, சரி. அந்தச் சாத்தியத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

ஹெரால்டில் கியர்பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே எடுக்கலாம்: முன்னிருக்கைகளையும் நடுவிலுள்ள மூடியையும் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸைக் குழந்தையைப் போல மடியில் ஏந்திக்கொள்ள வேண்டும். கனமான குழந்தை. நகம் போனது இங்கேதான். முன் பேரிங்கை மாற்றினேன். கழற்றிய பேரிங்கைக் கையில் சுற்றிப் பார்த்தேன், பட்டுப்போல் ஓடியது. அப்போதே சந்தேகம் தட்டியது என்று எழுத ஆசை, ஆனால் தட்டவில்லை. கியர்பாக்ஸைத் திரும்பப் பூட்டி, ஸ்டார்ட் செய்தேன். டொக்... டொக் டொக்... டொக்.

பாயை நேரில் அழைத்துவந்தேன். வந்தவர் சத்தத்தைப் பத்து விநாடிகூடக் கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னார். என் மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார். சாக்பீஸால் கிராங்க் புல்லியின் விளிம்பில் ஒரு கோடு போட்டுவிட்டு, அவளுக்குக் கைகாட்டினார். அவள் கிளட்ச்சை மிதித்தாள். புல்லி முன்னால் வந்தது. விட்டாள், பாய் புல்லியை உள்ளங்கையால் தள்ள, டொக் என்று பின்னால் போனது. ஆமை தலையை நீட்டி இழுப்பதுபோல, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

"பாய், பூட்டும்போது அளந்தேன். 0.15 இருந்தது. எழுதியிருக்கிறேன்."

"எழுதிய அன்றைக்கு இருந்திருக்கும் தம்பி. இன்றைக்கு அளந்தீர்களா?"

லேத் பட்டறையிலிருந்து, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜையும் காந்த ஸ்டாண்டையும் இரவல் வாங்கினோம். 0.85 மி.மீ.

கிளட்ச்சை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் கிளட்ச்சின் நெம்புகோல்களை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்த விசை ஃப்ளைவீல் வழியாகக் கிராங்க்குக்குப் போகிறது. கிராங்க் முன்னே ஓடிவிடாமல் தடுப்பவை கடைசி மெயின் பேரிங்கின் இருபுறமும் பிளாக்கில் செருகியிருக்கும் இரண்டு அரைவட்டத் தகடுகள்: த்ரஸ்ட் வாஷர்கள். மிதிக்கும்போது சுமை முழுவதும் பின்பக்க வாஷரின் மேல் விழும். அது தேய்ந்துவிட்டால் கிராங்க் மெதுவான ஓட்டத்தில் முன்னும் பின்னும் உலாவி முட்டிக்கொள்ளும்; அதுதான் அந்த ஒழுங்கற்ற டொக்டொக். மிதித்துப் பிடித்தால் ஒரு பக்கமாக ஒட்டி நிற்பதால் சத்தம் அடங்கும். முன் ஷாஃப்ட் நிற்பதும் கிராங்க் ஒட்டி நிற்பதும் ஒரே மிதியில் நடக்கிற இரண்டு வேறு காரியங்கள். கிளட்ச் சோதனையால் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. புல்லியைப் பார்த்தால் முடியும். அரை நிமிட வேலை. கியர்பாக்ஸை மடியில் ஏந்துவதற்குமுன் அதைச் செய்திருக்கலாம்.

எஞ்சினை இறக்காமலேயே த்ரஸ்ட் வாஷரை மாற்றலாம் என்பது இந்த எஞ்சினின் பெருந்தன்மை. அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றி, கடைசி மெயின் பேரிங்கின் கீழ்மூடியான கேப்பை எடுத்தால், அரைவட்டத் தகடுகளைக் கிராங்க்கைச் சுற்றி வழுக்கிவரச் செய்து வெளியே இழுத்துவிடலாம். சம்பின் முன்பக்கத் திருகுகள் மட்டும் எச்சரிக்கை: அவை போய்ப் பூட்டுவது அலுமினியக் கட்டையில். இறுக்கிவிட்டால் மரை உரிந்து வந்துவிடும்.

முன் வாஷர் புதிது மாதிரியே வந்தது. பின் வாஷர் வந்தபோது பாய் அதைத் துடைத்து, ஒன்றும் சொல்லாமல் என் கையில் வைத்தார். இந்த வாஷரின் ஒரு முகம் வெள்ளை உலோகப் பூச்சும் ஆயில் தங்குவதற்கான இரண்டு வாய்க்கால்களும் கொண்டது. மறுமுகம் வெறும் எஃகு. வாய்க்கால் முகம் சுற்றும் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். என்னுடையதில் வாய்க்கால்கள் கன்னி கழியாமல் பளபளத்தன. எஃகு முகம்தான் தேய்ந்து மெலிந்திருந்தது. பின் வாஷரை நான் திருப்பிப் பூட்டியிருக்கிறேன். கிரீஸ் தடவி விரல்நுனியில் ஒட்டி உள்ளே நுழைத்த அந்த மாலை எனக்கு நினைவிருக்கிறது. கிரீஸ் அப்பியதில் இரண்டு முகங்களும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும்.

நோட்டின் 0.15 ஏன் சரியாக வந்தது என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. தகட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் தடிமன் ஒன்றுதான். டயல் கேஜுக்கு முகம் தெரியாது. ராக்கரின் பள்ளத்தில் ஃபீலர் தகடு ஏமாந்த கதையே மறுபடியும். காந்தத்தில் ஒட்டிய மினுமினுப்பும் இதன் எஃகுதான். தேய்மானத்தை விரைவுபடுத்தியது என் பழக்கம்: சென்னை சிக்னல்களில் தொண்ணூறு விநாடி சிவப்பு விழுந்தாலும் முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே காத்திருப்பேன். ஸ்டார்ட் செய்யும்போதும் மிதிப்பேன். ஆயில் ஏறாத அந்த முதல் விநாடிகளில் சுமை நேராக இந்த வாஷரின் மேல்தான். வாஷரை ஒழுங்காகப் பூட்டியிருந்தால் இந்தப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் தாங்கியிருக்கும்.

இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் மெலிந்த வாஷர் தன் இடத்தைவிட்டு சம்புக்குள் விழுந்திருக்கும். பிறகு கிராங்க் நேரடியாகப் பிளாக்கின் இரும்பை அரைக்கும். கிராங்க் கிடைக்கலாம், நல்ல 948 பிளாக்குக்கு நான் எங்கே போவேன்?

கிராங்க்கின் முகத்தில் ஏறத்தாழ 0.1 மி.மீ. தேய்ந்திருந்தது. நுண்ணிய எமரித் தாளால் கீறல்களைத் தடவிவிட்டோம். பின்பக்கத்துக்கு 0.13 மி.மீ. கூடுதல் தடிமனுள்ள வாஷர், முன்பக்கத்துக்குச் சாதாரண வாஷர், இரண்டும் புதியவை. எஃகுப் பொடி வேறு எங்கெல்லாம் போனது என்று தெரிய வேண்டியிருந்ததால் நான்கு பிக் எண்ட் ஷெல்களையும் திறந்தேன். மூன்றில் மெல்லிய கீறல்கள். நான்காவதில் நகம் மாட்டும் அளவுக்கு ஒன்று. நான்கு ஜோடியையும் மாற்றினேன், கடைசி மெயின் ஷெல்லையும் சேர்த்து. கைகாசு கரைந்தது. ஆயிலும் ஃபில்ட்டரும் புதிது. 100 கிலோமீட்டரில் மறுபடி புதிது. இரண்டாவது முறை காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

வாஷரை உள்ளே தள்ளுமுன் பாய் அதன் வாய்க்கால் முகத்தில் நீல மையால் ஒரு புள்ளி வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். உள்ளே போன பிறகு கேப்பைப் பூட்டுமுன் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். புள்ளி கிராங்க்கின் பக்கம் இருந்தது. டயல் கேஜ் 0.14 காட்டியது. அதை எழுதும்போது, அடைப்புக்குறிக்குள் "வாய்க்கால் கிராங்க்கைப் பார்க்கிறது" என்றும் எழுதினேன்.

1,000 கிலோமீட்டரில் அளந்தபோது 0.14. 2,500-இல் 0.15. டொக்டொக் வரவில்லை. குளிர்ந்த காலைகளில் முதல் இரண்டு நிமிடம் ஒரு பிஸ்டன் லேசாகச் சுவரைத் தட்டுகிறது. தெருமுனை தாண்டுவதற்குள் அடங்கிவிடுகிறது. அதை விட்டுவைத்திருக்கிறேன்.